அமேதியோ அவகாதரோ (1776 – 1856)

மாணவர்களே, 8 கிராம் ஒட்சிசன் வாயுவில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் காண்க என்னும் வினாவை நீங்கள் பல தடவைகள் செய்திருப்பீர்கள். ஒட்சிசனின் சார் மூலக்கூற்றுத் திணிவு 32. எனவே 8 ஐ 32 ஆல் வகுக்க 0.25 மூல் கிடைக்கும். அதனை 6.022 × 10²³ ஆல் பெருக்க 1.5055 × 10²³ மூலக்கூறுகள் என விடை வரும். இரண்டு படிகளில் கணக்கு முடிந்துவிடுகிறது.

இவ்வளவு எளிய கணக்கிலும் புள்ளிகள் இழக்கப்படுகின்றன. இழக்கப்படும் இடம் பெரும்பாலும் ஒன்றே. 32 இட வேண்டிய இடத்தில் 16 ஐ இட்டுவிடுவார்கள். 16 என்பது ஒட்சிசன் அணுவின் சார் திணிவு. வினா கேட்பதோ மூலக்கூறுகளை. அணுவையும் மூலக்கூறையும் இவ்வாறு ஒன்றாகக் கொள்வது உங்களிடம் மட்டும் காணப்படும் குறை அன்று. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த இரசாயனவியலாளர்களே இந்த இடத்தில்தான் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றத்தை நீக்கும் வழியை 1811 ஆம் ஆண்டில் ஒருவர் எழுதி வெளியிட்டார். உலகம் அதனை ஏற்பதற்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் சென்றன. அவரே அமேதியோ அவகாதரோ.

அவகாதரோ 1776 ஆகத்து 9 ஆம் திகதி இத்தாலியின் வடமேற்கிலுள்ள ரியூரின் நகரில் பிறந்தார். இத்தாலி அப்பொழுது ஒரே நாடாக இருக்கவில்லை. ரியூரின் நகரம் சார்டீனிய இராச்சியத்துக்கு உரிய பீட்மொண்ட் பகுதியின் தலைநகராக விளங்கியது. அவருடைய குடும்பம் பல தலைமுறைகளாகச் சட்டத் துறையில் ஈடுபட்டு வந்த பிரபுக் குடும்பம். தந்தையார் பிலிப்போவும் நீதித் துறையில் உயர் பதவி வகித்தவர். மகனும் அதே வழியிற் சென்றார். திருச்சபைச் சட்டத்தைக் கற்று, 20 ஆவது வயதில் கலாநிதிப் பட்டம் பெற்றுச் சட்டத் தொழிலை நடத்தத் தொடங்கினார்.

ஆனால் அவருடைய மனம் வேறொரு துறையை நாடியது. 1800 ஆம் ஆண்டளவில் கணிதத்தையும் பௌதிகவியலையும் தாமாகவே கற்கத் தொடங்கினார். வோல்ற்றா மின்கலவடுக்கை அறிமுகஞ் செய்த காலம் அது. மின்னைப் பற்றிய பேச்சே அறிவியலாளரிடையே நிறைந்திருந்தது. அவகாதரோவும் தம் சகோதரர் பெலிச்சேயுடன் சேர்ந்து 1803 ஆம் ஆண்டில் மின் பற்றிய ஆய்வொன்றைச் சமர்ப்பித்தார். அடுத்த ஆண்டு ரியூரின் அறிவியற் கழகம் அவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1809 ஆம் ஆண்டில் வெர்செல்லி என்னும் சிறு நகரத்தின் கல்லூரியில் பௌதிகவியற் பேராசிரியரானார். பரிஸ், இலண்டன் போன்ற அறிவியல் மையங்களுக்கு வெகு தொலைவிலிருந்த அந்தக் கல்லூரியிலேதான் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை உருவானது.

அக்கட்டுரை எதற்கு விடை கூறியது என்பதை அறிய, அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தவற்றை நீங்கள் பார்க்க வேண்டும். இங்கே சற்று நிதானமாக வாசியுங்கள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் தாற்றன் 1808 ஆம் ஆண்டில் தம் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டார். சடப்பொருள்கள் பிரிக்க முடியாத அணுக்களால் ஆனவை என்றும், ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒத்தவை என்றும் அவர் கூறினார். இவற்றை நீங்கள் கற்றிருக்கிறீர்கள். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை ஒன்று மட்டுமே தெரிந்திருந்தால் அதில் ஒவ்வோர் அணு இருக்கும் என்பதும் அவர் கொண்ட எடுகோள். ஆகையால் நீரில் ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் உள்ளன என்று அவர் எழுதினார். இந்த எடுகோளுக்கு எளிமை என்பதைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை.

அதே 1808 ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சு நாட்டின் கேலூசாக் வேறொன்றைக் கண்டறிந்து அறிவித்தார். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அமுக்கத்திலும் அளக்கப்படும்போது, வாயுக்கள் எளிய முழுவெண் விகிதமுள்ள கனவளவுகளில் தாக்கமடைகின்றன. 2 கனவளவு ஐதரசன் 1 கனவளவு ஒட்சிசனுடன் சேர்ந்து 2 கனவளவு நீராவியைத் தரும். 1 கனவளவு ஐதரசனும் 1 கனவளவு குளோரீனும் சேர்ந்து 2 கனவளவு ஐதரசன் குளோரைட்டைத் தரும். 3 கனவளவு ஐதரசனும் 1 கனவளவு நைதரசனும் சேர்ந்தால் 2 கனவளவு அமோனியா.

இவ்வளவு அழகான முழுவெண்களைக் காணும்போது உங்களுக்கு ஓர் எண்ணம் எழும். சம கனவளவுகளில் சம எண்ணிக்கையான துணிக்கைகள் இருக்குமோ? தாற்றனுக்கும் அந்த எண்ணம் எழாமல் இல்லை. எழுந்தும் அவர் அதனைத் தள்ளிவிட்டார். ஏன் என்பதை ஐதரசன் குளோரைட்டைக் கொண்டு பாருங்கள். 1 கனவளவில் 100 துணிக்கைகள் இருப்பதாகக் கொள்வோம். 100 ஐதரசன் துணிக்கைகளும் 100 குளோரீன் துணிக்கைகளும் சேர்கின்றன. கிடைக்கும் 2 கனவளவில் 200 ஐதரசன் குளோரைட்டுத் துணிக்கைகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குளோரீன் இருக்க வேண்டுமாயின், 100 குளோரீன் துணிக்கைகள் 200 ஆகப் பிரிந்திருக்க வேண்டும். அணுவைப் பிரிக்க முடியாது என்பதே தாற்றனின் அடிப்படை. ஆகவே அவர் கேலூசாக்கின் அளவீடுகளையே நம்ப மறுத்தார்.

அவருக்கு இன்னொரு தடையும் இருந்தது. நீராவி ஒட்சிசனிலும் அடர்த்தி குறைந்தது. நீரின் துணிக்கையில் ஒட்சிசன் அணுவுடன் ஐதரசன் அணுவும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அது ஒட்சிசன் துணிக்கையிலும் பாரமாயிருக்க வேண்டும். சம கனவளவில் சம எண்ணிக்கை இருப்பின் நீராவி அல்லவா பாரமாக இருக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். தாற்றனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அவர் வைத்திருந்த எடுகோளின்படி அவர் தர்க்கத்தில் பிழையே இல்லை.

1811 ஆம் ஆண்டில் பரிசில் வெளிவந்த பௌதிகவியற் சஞ்சிகையொன்றில் அவகாதரோவின் கட்டுரை பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று. அவர் இரண்டு கூற்றுகளை ஒன்றாக முன்வைத்தார். முதலாவது கூற்றை நீங்கள் அவகாதரோவின் விதி என்று மனனஞ் செய்திருப்பீர்கள்: ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் உள்ள வாயுக்களின் சம கனவளவுகளில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் உள்ளன. இரண்டாவது கூற்று பலராலும் மறக்கப்படுகிறது. ஒரு மூலகத்தின் வாயுத் துணிக்கை தனி அணுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அது ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம். தாக்கத்தின்போது அம்மூலக்கூறு பிரியலாம்.

இந்த இரண்டாவது கூற்றே பூட்டைத் திறந்தது. குளோரீன் மூலக்கூறு ஒன்றில் இரண்டு அணுக்கள் உண்டெனக் கொள்ளுங்கள். 100 குளோரீன் மூலக்கூறுகளில் 200 அணுக்கள். அவ்வாறே 100 ஐதரசன் மூலக்கூறுகளில் 200 அணுக்கள். அவை சேர்ந்து 200 ஐதரசன் குளோரைட்டு மூலக்கூறுகள் உண்டாகின்றன. எந்த அணுவும் உடையவில்லை. நீராவிப் புதிரும் தீர்ந்தது. ஒட்சிசன் மூலக்கூறு இரண்டு அணுக்களைக் கொண்டது, திணிவு 32. நீர் மூலக்கூறில் ஒரே ஓர் ஒட்சிசன் அணுவே உண்டு, திணிவு 18. ஆகவே நீராவி இலேசாக இருப்பதே முறை.

அத்துடன் அவர் நிற்கவில்லை. சம கனவளவில் சம எண்ணிக்கை என்றால், இரு வாயுக்களின் அடர்த்திகளின் விகிதமே அவற்றின் மூலக்கூறுகளின் திணிவுகளின் விகிதமாகும். இதனைப் பயன்படுத்தி, அக்காலத்து அடர்த்தி அளவீடுகளிலிருந்து ஒட்சிசன் மூலக்கூறு ஐதரசன் மூலக்கூறைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு திணிவுடையது என்று கணித்தார். இன்று நாம் கொள்ளும் விகிதம் 16. குறை அவருடைய முறையில் அன்று, அன்றைய அளவீட்டில் இருந்தது. ஒரு தனி மூலக்கூறைக் காணாமலே, தராசையும் கனவளவையும் மட்டும் கொண்டு மூலக்கூறுகளை ஒப்பிடும் வழி இவ்வாறு பிறந்தது.

இனி, இது ஏன் ஏற்கப்படவில்லை? பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவர் பேர்போன ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவரல்லர். அவருடைய நடை கடினமானது. அணு என்ற சொல்லைக் கையாளாது, மூலக்கூறு என்ற சொல்லுக்கே வெவ்வேறு அடைமொழிகளைச் சேர்த்து எழுதியமையால் வாசித்தவர்கள் குழம்பினார்கள். இவை உண்மையே ஆயினும், முதன்மையான காரணம் இவையல்ல என்றே சொல்லத் தோன்றுகிறது. 1814 ஆம் ஆண்டில் பிரான்சின் புகழ்பெற்ற அம்பியரும் தனியாக இதே கருத்தை வெளியிட்டார். அம்பியரின் புகழும் அதனைக் காப்பாற்றவில்லை.

உண்மையான தடை, அக்காலத்தின் இரசாயனக் கொள்கையிலேயே இருந்தது. சுவீடன் நாட்டின் பேர்சீலியசு அன்று இரசாயனவியலின் பேரதிகாரி போல விளங்கினார். அணுக்கள் சேர்வது நேர், மறை மின்னேற்றங்களின் கவர்ச்சியாலே என்பது அவர் கொள்கை. அப்படியானால் ஒரே மாதிரியான இரண்டு ஒட்சிசன் அணுக்கள் ஒன்றையொன்று தள்ள வேண்டும். எவ்வாறு அவை சோடி சேரும்? இக்கேள்விக்கு அவகாதரோவிடம் விடை இல்லை. பங்கீட்டு வலுப் பிணைப்பு என்று நீங்கள் ஒரு வரியில் எழுதும் விடைக்கு உலகம் 20 ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்னர் பிரான்சில் தூமா என்பவர் ஆவிகளின் அடர்த்தியை அளந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. இரசம், பொசுபரசு, கந்தகம் ஆகியவற்றின் ஆவிகள் எதிர்பார்த்த பெறுமானங்களைத் தரவில்லை. இன்று காரணம் நமக்குத் தெரியும். இரசத்தின் ஆவியில் தனி அணுக்களே உண்டு. பொசுபரசு ஆவியின் மூலக்கூறில் நான்கு அணுக்கள் உண்டு. எல்லா மூலகங்களிலும் இரண்டிரண்டு அணுக்களே இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அவகாதரோவின் கருத்தே பிழையென்று பட்டது.

இவற்றுக்கிடையே அவகாதரோவின் வாழ்வு அமைதியாகவே சென்றது. 1820 ஆம் ஆண்டில் ரியூரின் பல்கலைக்கழகத்தில் கணிதப் பௌதிகவியலுக்குப் புதிதாக ஏற்படுத்தப்பட்ட பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அது நீடிக்கவில்லை. 1821 ஆம் ஆண்டில் பீட்மொண்டில் அரசனுக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது. அது அடக்கப்பட்டபின் அவருடைய பதவி ஒழிக்கப்பட்டது. அவர் மீண்டும் சட்டத் தொழிலுக்குத் திரும்ப நேர்ந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அப்பதவி அவருக்கு மீண்டும் கிடைத்தது. 1850 ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை அதில் இருந்தார். 1837 முதல் 1841 வரை, சடப்பொருள்களின் பௌதிகவியல் பற்றி நான்கு பாகங்களில் பெருநூலொன்றை வெளியிட்டார். வானிலை ஆய்வு, புள்ளிவிபரம், பொதுக்கல்வி ஆகியவை தொடர்பான அரச பணிகளையும் ஆற்றினார். பீட்மொண்டில் மீற்றர் அளவை முறை நடைமுறைக்கு வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. பெலிசித்தா என்னும் மாதரை மணந்து, பிள்ளைகளுடன் ஆரவாரமற்ற குடும்ப வாழ்க்கை நடத்தினார். 1856 யூலை 9 ஆம் திகதி, 80 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில் ரியூரினில் காலமானார். அன்று அவருடைய விதியை இரசாயனவியலாளருள் மிகச் சிலரே பொருட்படுத்தினர்.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில், ஜெனோவா நகரில் கற்பித்துக்கொண்டிருந்த சிசிலித் தீவினரான கன்னிசாரோ, தம் மாணவருக்குக் கற்பிக்கும் பாடத்தின் சுருக்கத்தை வெளியிட்டார். அவர் செய்ததை நீங்களும் ஒரு தாளில் செய்து பார்க்கலாம். அடர்த்தியிலிருந்து பல வாயுக்களின் மூலக்கூற்றுத் திணிவுகளைக் காணுங்கள். நீராவி 18, காபனோரொட்சைட்டு 28, காபனீரொட்சைட்டு 44, ஒட்சிசன் வாயு 32. ஒவ்வொன்றிலும் ஒட்சிசனின் பங்கு எவ்வளவு? முறையே 16, 16, 32, 32. எந்தச் சேர்வையை எடுத்தாலும் 16 இலும் குறைந்த பங்கு இல்லை. எப்பொழுதும் 16 இன் மடங்கே வருகிறது. எனவே ஒட்சிசன் அணுவின் சார் திணிவு 16. ஒட்சிசன் வாயுவின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். அணுவும் மூலக்கூறும் இவ்வாறு தெளிவாக வேறுபட்டன. ஒரு மூலக்கூறில் எத்தனை அணுக்கள் என்பதை முன்கூட்டியே ஊகிக்கத் தேவையில்லை, அளவீடே சொல்லும்.

1860 செத்தெம்பர் 3 ஆம் திகதி செருமனியின் கால்சுருகே நகரில் இரசாயனவியலாளரின் முதலாவது சர்வதேச மாநாடு கூடியது. அக்காலத்துக் குழப்பத்துக்கு ஓர் உதாரணம் போதும். அசற்றிக்கமிலத்துக்கு மட்டும் 19 வெவ்வேறு சூத்திரங்கள் வழக்கிலிருந்தன! 120 இற்கும் மேற்பட்டோர் மூன்று நாட்கள் விவாதித்தும் முடிவு எட்டப்படவில்லை. கலையும் வேளையில் கன்னிசாரோவின் சிறு பிரசுரம் அவருடைய நண்பரால் வந்தோருக்கு வழங்கப்பட்டது. அதனை ஊருக்குக் கொண்டுசென்று வாசித்தவர்களுள் ஒருவர் செருமனியின் லோதர் மேயர். மாநாட்டுக்கு வந்திருந்த இளைஞர்களுள் இரசியாவின் மெண்டலீவும் ஒருவர். சரியான அணுத்திணிவுகள் கிடைத்தபின்னரே, 1869 ஆம் ஆண்டில் மெண்டலீவின் ஆவர்த்தன அட்டவணை உருவாக முடிந்தது.

இப்பொழுது அந்த எண்ணுக்கு வருவோம். 6.022 × 10²³ என்ற எண்ணைக் கண்டுபிடித்தவர் அவகாதரோ என்று சில மாணவர்கள் விடைத்தாளில் எழுதுகிறார்கள். அது தவறு. அவர் சம எண்ணிக்கை என்று மட்டுமே சொன்னார். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் வழியும் அன்று இல்லை. 1865 ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த லொஸ்மிற் என்னும் ஆசிரியர், வாயுக்களின் இயக்கக் கொள்கையைக் கொண்டு வளி மூலக்கூறின் பருமனை முதன்முதலில் மதிப்பிட்டார். அதிலிருந்து ஒரு கனவளவு வாயுவில் எத்தனை மூலக்கூறுகள் என்பதைக் கணிக்க வழி பிறந்தது. 0 பாகை செல்சியசிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் 1 கன சென்ரிமீற்றர் வாயுவில் ஏறத்தாழ 2.69 × 10¹⁹ மூலக்கூறுகள் இருப்பதாக இன்று அறிவோம். இது எவ்வளவு பெரிது? உலகிலுள்ள 800 கோடி மக்களும் உறங்காமல், செக்கனுக்கு ஒன்றாகப் பங்குபோட்டு எண்ணினாலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். ஒரு சீனிக்கட்டி அளவு வளிக்கே இப்படி.

பின்னர் பரிசில் ஜோன் பெரின் என்னும் பௌதிகவியலாளர் மஞ்சட் பிசின் ஒன்றின் நுண்மணிகளை நீரில் மிதக்கவிட்டு, அவை வெவ்வேறு உயரங்களில் எவ்வாறு பரந்துள்ளன என்பதை நுணுக்குக்காட்டியால் எண்ணினார். நம் சமையலறையில் மீன் கறிக்கு இடும் கொறுக்காய்ப்புளி மரத்தின் சாதியைச் சேர்ந்த மரங்களிலிருந்து எடுக்கப்படும் பிசின் அது. இதிலிருந்து ஒரு மூலிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கணித்த பெரின், 1909 ஆம் ஆண்டில் அந்த எண்ணுக்கு அவகாதரோவின் பெயரைச் சூட்டும்படி முன்மொழிந்தார். பெரினுக்கு 1926 ஆம் ஆண்டுக்குரிய பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. 2019 மே 20 முதல் அவகாதரோ மாறிலி அளந்து பெறும் பெறுமானமாக அன்றி, மூலுக்கு 6.02214076 × 10²³ என நிலையாக வரையறுக்கப்பட்டுள்ளது. பரீட்சையில் வினாத்தாளில் தரப்படும் பெறுமானத்தையே நீங்கள் பயன்படுத்த வேண்டும்.

இனி வாயுவின் திணிவிலிருந்து மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு வாருங்கள். 0.5 கிராம் ஐதரசன், 1 கிராம் ஈலியம், 7 கிராம் நைதரசன், 8 கிராம் ஒட்சிசன், 11 கிராம் காபனீரொட்சைட்டு ஆகிய ஐந்தையும் எடுங்கள். மூலர்த் திணிவுகள் முறையே மூலுக்கு 2, 4, 28, 32, 44 கிராம். வகுத்துப் பாருங்கள்; ஐந்திலும் 0.25 மூல் வரும். ஐந்திலும் மூலக்கூறுகள் 1.5055 × 10²³. ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் ஐந்தும் ஒரே கனவளவைக் கொள்ளும். 0 பாகை செல்சியசிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் அது 5.6 கன தெசிமீற்றர். திணிவுகள் 0.5 முதல் 11 வரை வேறுபட்டும் கனவளவு மாறவில்லை என்பதே அவகாதரோவின் விதி.

ஈலியத்தை ஐந்தில் ஒன்றாகச் சேர்த்ததற்குக் காரணமுண்டு. அது விழுமிய வாயு. தனி அணுக்களாகவே இருக்கும். ஐதரசன், நைதரசன், ஒட்சிசன், குளோரீன் ஆகியவற்றுக்கு இரண்டால் பெருக்கிப் பழகிய கை, ஈலியத்துக்கும் 8 என்று எழுதிவிடும். தூமாவைத் திகைக்கவைத்த இரசத்தின் ஆவி போன்றதே இதுவும்.

அடுத்து, வினாவில் கேட்கப்படுவது மூலக்கூறுகளா அணுக்களா என்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். 8 கிராம் ஒட்சிசனில் மூலக்கூறுகள் 1.5055 × 10²³. அணுக்கள் அதன் இருமடங்காகிய 3.011 × 10²³. 11 கிராம் காபனீரொட்சைட்டில் மூலக்கூறுகள் அதே 1.5055 × 10²³. ஆனால் ஒரு மூலக்கூறில் மூன்று அணுக்கள் உள்ளமையால் மொத்த அணுக்கள் 4.5165 × 10²³.

பின்வருவதை நீங்களே செய்து பாருங்கள். 3.4 கிராம் அமோனியா வாயுவில் உள்ள (1) மூலக்கூறுகளின் எண்ணிக்கை யாது? (2) மொத்த அணுக்களின் எண்ணிக்கை யாது? (3) இதே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் இதே கனவளவைக் கொள்ளும் ஒட்சிசன் வாயுவின் திணிவு யாது? (சார் அணுத்திணிவு: ஐதரசன் 1, நைதரசன் 14, ஒட்சிசன் 16, அவகாதரோ மாறிலி மூலுக்கு 6.022 × 10²³.)

விடைகள்: (1) 1.2044 × 10²³ (2) 4.8176 × 10²³ (3) 6.4 கிராம். மூன்றாவதற்கு 3.2 கிராம் என்று எழுதியிருந்தால், ஒட்சிசனுக்கு 32 இற்குப் பதிலாக 16 ஐ இட்டிருக்கிறீர்கள்.